அல்லி தர்பாரும் ஆடவர் சிறைக்கனவும்

அண்மையில் தலைநகரில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்தில் மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் மிகுந்த மனவேதனையோடு பேசினார். கல்லூரியில் பயிலும் தம் பேரன் கணிப்பொறியில் ஆடும் ஆட்டத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தாராம். கோட்டைக்குள் ஒரு சீமாட்டி. அவள் பிடியில் ஓர் ஆடவன். அவள் அவனை வெருட்டுகிறாள், துரத்துகிறாள், கட்டித் தொங்கவிடுகிறாள். பையனோ இதைக் கண்டு அஞ்சவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. விழி விரிய இரசிக்கிறான்! "பெண்ணொருத்தியின் கையில் அடைபட்டுக் கிடப்பதை இன்பமாகக் காட்டும் இந்தக் குப்பை மேனாட்டார் நம் வீட்டில் கொண்டுவந்து கொட்டியது. தமிழ் மரபில் இதற்கு இடமே இல்லை" என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தபோதுதான் கை கூசிற்று. அவர் கூறியது உண்மையா?

பெரியவர்பால் நமக்குள்ள மதிப்பிற்குக் குறைவில்லை. ஆயினும் மதிப்பு வேறு, உடன்பாடு வேறு. இந்த மலரின் பக்கங்களில் அவர்க்கு மறுமொழி கூற விழைகிறோம். மறுமொழி அவர்க்கு மட்டுமன்று. அன்று கைதட்டிய நம் அனைவர்க்கும் உரியது.

மரபில் இல்லையா?

முதற்கண், இது மேனாட்டுச் சரக்கு என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து இராகம் போட்டுப் படித்த பெரிய எழுத்துப் புத்தகங்களை நாம் மறந்துவிட்டோமா? புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்னர் உண்டா? மதுரையை ஆளும் அல்லி ஆடவரை அண்டவிடாதவள். அவள் அரண்மனையில் காவலும் பெண்கள், ஏவலும் பெண்கள். வில்லுக்கு விசயன் என்று உலகம் புகழும் அருச்சுனன் அந்த அரண்மனைக்குள் புகுந்துவிடத் துடித்து வேடம் மேல் வேடமாகப் பூணுகிறான். அவள் சினத்திற்கு ஆளாகிறான், மீண்டும் வருகிறான். கேட்டவர் களித்தது எதனால்? மாவீரனை மண்டியிட வைக்கும் ஒருத்தியின் மிடுக்கினால் அன்றோ?

அல்லி போதாதெனில் ஆரவல்லி சூரவல்லி கதையைப் பாருங்கள். பெண்களே ஆளும் நாடு. வரும் ஆடவரைப் பந்தயத்திற்கு அழைப்பார்கள். தோற்றவனுக்குச் சிறை. மலையைப் பெயர்க்கும் வீமனே அங்குச் சென்று அகப்பட்டுக் கொள்கிறான். பின்னர் அல்லிமுத்து என்னும் இளைஞன் அப்பந்தயங்களை வெல்லக் கிளம்புகிறான். ஆட்டம், தோல்வி, சிறை, மீண்டும் ஆட்டம்! பெரியவரின் பேரன் கணிப்பொறியில் ஆடுவது இதைத்தானே? அவன் பாட்டனாரின் பாட்டனார் கூத்து மேடைக்கு முன்னர் விடிய விடிய விழித்திருந்து கண்டதும் இதைத்தானே? இக்கதை 1957-இல் 'ஆரவல்லி' என்று திரைப்படமாகவும் வந்தது.

நாம் வாழும் இவ்வட நாட்டிற்கும் இது புதிதன்று. நாம் சித்தர் வரிசையில் வைத்துப் போற்றும் மச்சமுனியையும் கோரக்கரையும் இங்குள்ளோர் மச்சிந்திரநாதர், கோரக்நாதர் என்பர். குருவான மச்சிந்திரநாதர் பெண்ணரசு நாடொன்றில் அரசியின் வயப்பட்டுத் தம்மை மறந்து கிடக்க, மாணவர் கோரக்கர் சென்று அவரைத் தட்டி எழுப்பி மீட்டார் என்பது இங்கு ஊரறிந்த கதை. இதனைச் சாந்தாராம் 1932-இல் படமாக்கினார். சிறுத்தையை அருகில் வைத்துக்கொண்டு அரியணையில் வீற்றிருக்கும் அரசியாகத் துர்கா கோட்டே நடித்தார். தமிழிலும் 1939-இல் 'மாயா மச்சீந்திரா' வந்தது. துறவிக்கே இந்தக் கனவு உண்டெனில் கல்லூரி மாணவனை நொந்து பயன் என்ன?

படித்தவர் கூட்டம் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் நமக்கு மட்டும் என்ன குறைவு? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வெளிவந்தபோது, தென்னாட்டிலிருந்து பிந்தி வரும் பிரதிக்காகத் தில்லித் தமிழர் காத்திருந்த கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தஞ்சையில் பழுவேட்டரையரின் மாளிகைக்குள் வந்தியத்தேவன் நந்தினியின் முன்னர் நிற்கும் இடமும், கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் அவள் அறைக்குள் தன் முடிவைத் தேடிச் செல்லும் இடமும் நம் நெஞ்சைப் படபடக்கச் செய்யவில்லையா? குந்தவையும் ஆற்றலுடையவள்தான். ஆயினும் கூடிப் பேசும்போது நம் நாவில் முதலில் வருவது யார் பெயர்? நந்தினியின் பெயர்தான். மணிரத்தினம் 2022-லும் 2023-லும் அதைப் படமாக்கியபோதும் நம் வீட்டுப் பேச்சு அவளைச் சுற்றியே நிகழ்ந்தது.

ஆகவே, மரபில் இடமில்லை என்பது மரபை அறியாதார் கூற்று. வேண்டுமாயின் உலக மரபிலும் காட்டலாம். ஓமரின் காப்பியத்தில் ஒடிசியசு கலிப்சோ என்னும் தெய்வப் பெண்ணின் தீவில் ஏழாண்டு அடைபட்டிருந்தான். கடற்கரையில் அமர்ந்து ஊரை நினைத்து அழுதான். ஆனால் அதற்கு முன்னர்ச் சூனியம் வல்ல கிர்க்கேயின் மாளிகையில் விருந்துண்டு களித்து ஓராண்டு கழித்தான். ஊர் திரும்ப வேண்டும் என்று அவனுக்கு நினைவூட்ட வேண்டியவர்கள் அவனுடைய ஆட்களாய் இருந்தார்கள்!

ஏன் இனிக்கிறது?

இனி, இந்தக் கனவு ஏன் இனிக்கிறது என்பதைச் சற்று நேர்மையோடு ஆராய்வோம். நோய் என்று பெயரிட்டுவிட்டால் ஆராயும் தொல்லை நீங்கிவிடும். அது நம் வழியன்று.

ஆடவன் அஞ்சக்கூடாது, அழக்கூடாது, தளரக்கூடாது என்று தொட்டிலிலிருந்தே நாம் கற்பிக்கிறோம். அவன்தான் ஆள வேண்டும், ஈட்ட வேண்டும், முடிவு செய்ய வேண்டும். மாதம் முழுதும் கோப்புகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் தலைவணங்கிவிட்டு, வீட்டுப் படியேறியதும் தலைவனாக நிமிர வேண்டும். ஊரில் உள்ள தங்கையின் திருமணம், பெற்றோரின் மருத்துவம், பிள்ளையின் படிப்பு, இரயில் பயணச்சீட்டு என எல்லாப் பாரமும் அவன் தலையில். இவ்வாறு உழல்பவனைக் கதையில் ஒருத்தி பிடித்துக் கதவைச் சாத்திவிட்டால் அவனுக்கு முதலில் தோன்றுவது அச்சமா? இல்லை, ஆறுதல்! இனி அவன் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. தோற்றதற்காக அவனை யாரும் நகைக்கப்போவதும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. அல்லியும் நந்தினியும் யாரையும் வேண்டி நிற்பவர்கள் அல்லர். எவர் மீதும் திரும்பத் தேவையில்லாத அவர்கள் பார்வை ஒருவன் மீது திரும்புகிறது என்றால், அது அடைபட்டவனுக்கு மணிமுடி. மேலும், நம் கதைகளில் நல்ல பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கும் உரையாடல் என்ன? "சரிங்க" என்பதும் கண்ணீரும்தானே! தனக்கென ஒரு கருத்தும் சினமும் சூழ்ச்சியும் நகைச்சுவையும் உடையவளாக ஒருத்தியைக் காண வேண்டுமென்றால் நம் எழுத்தில் அவள் பகைவியாகத்தான் வந்தாக வேண்டியிருக்கிறது. வாசகன் பகைவியை விரும்புகிறான் என்று குறை கூறுவதில் நியாயமில்லை. அவன் விரும்புவது ஓர் ஆளுமையை. அவ்வாளுமையை வேறெங்கும் நாம் அவனுக்குக் காட்டவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, இச்சிறையின் திறவுகோல் சிறைப்பட்டவன் மடியிலேயே இருக்கிறது. நூலை மூடினால் சிறை மறையும். பொத்தானை அழுத்தினால் ஆட்டம் நிற்கும். திறவுகோல் தன்னிடம் உள்ள சிறை சிறையன்று, அது பொழுதுபோக்கு. இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பெரியவர் பொழுது பாழாவதைக் குறித்து வருந்தினால் நாமும் சேர்ந்து வருந்துவோம். இரவெல்லாம் ஒளித்திரை முன் அமர்ந்து காலையில் வகுப்பில் உறங்கும் பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். அது சீட்டாட்டத்திற்கும் பொருந்தும், கிரிக்கெட்டுக்கும் பொருந்தும். ஆனால் பெரியவர் வருந்தியது பொழுதைக் குறித்தன்று. பெண்ணின் கை ஓங்கியிருப்பதைக் குறித்தே வருந்தினார். அங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம்.

முடிவில் உள்ள வஞ்சகம்

உண்மையில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இக்கதைகளில் உண்டு. அஃது அவற்றின் தொடக்கத்தில் இல்லை, முடிவில் இருக்கிறது.

அல்லியின் கதை எவ்வாறு முடிகிறது? வில்லால் வெல்ல இயலாத அருச்சுனன் கண்ணன் துணையால் பாம்பு வடிவெடுத்து அவள் பள்ளியறைக்குள் நுழைகிறான். அவள் உறங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்தவள் சீறுகிறாள், போருக்கும் எழுகிறாள். ஆனால் கட்டியது கட்டியதுதான். அதனை நாம் திருமணம் என்கிறோம்! விழித்திருக்கும்போது அவள் "வேண்டாம்" என்று சொன்னது கணக்கில் வரவில்லை. உறங்கும்போது அவள் ஒன்றும் சொல்லாதது சம்மதமாயிற்று. பேரனின் ஆட்டத்தைக் கண்டு முகம் சுளித்த நாம், இந்த முடிவைக் கேட்டு எத்தனை தலைமுறையாகக் கைகொட்டி மகிழ்ந்திருக்கிறோம்!

பேரனின் ஆட்டம் எதுவென விசாரித்தோம். 2021-இல் சப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட, வயது வந்தோர்க்குரிய 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' என்பது அது. ஒன்பது அடிக்கு மேல் உயர்ந்த டிமிட்ரெஸ்கு சீமாட்டி கோட்டைக்குத் தலைவி. ஆட்டம் விற்பனைக்கு வருமுன்னரே அவள் படம் உலகெங்கும் இளைஞரிடையே பரவிப் பெரும் பேச்சாயிற்று. அவ்வளவு விரும்பப்பட்ட அவளுக்கு ஆட்டத்தில் நேர்வது என்ன? கதைத் தலைவன் கையால் சாவு. அவளைக் கொன்றால்தான் அடுத்த கட்டத்திற்குப் போக முடியும். ஆக, சப்பானியர் ஆட்டமும் நம் அம்மானைப் பாட்டும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. பெண்ணின் ஆற்றலைச் சிறிது நேரம் சுவை; பின்னர் அவளை அடக்கு, அல்லது ஒழி.

நம் திரைப்படங்கள் வேறு பாதையில் சென்றனவா? 1992-இல் வந்த 'மன்னன்' படத்தில் தொழிற்சாலையை நடத்தும் ஒருத்தி வருகிறாள். படம் முடியும்போது அவள் வீட்டில் இருக்கிறாள், கணவன் வேலைக்குப் புறப்படுகிறான். அரங்கில் ஒரே ஆரவாரம். 1999-இன் 'படையப்பா'வில் நீலாம்பரி பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னையே அடைத்துக்கொள்கிறாள். இறுதியில் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். இங்கே சிறை வைத்தவளும் அவளே, சிறைப்பட்டவளும் அவளே. ஆணின் கையில் குருதி படியாமல் கதை தூய்மையாக முடிந்துவிடுகிறது!

இக்கதைகளின் நச்சு கதையோடு நிற்பதில்லை என்பதே நம் வழக்கு. நம்மைப் போன்ற எழுத்தர்கள் பணிபுரியும் அலுவலகங்களில் ஒரு பெண் அதிகாரி பொறுப்பேற்ற மறுநாளே தமிழர் மேசைகளில் கேட்கும் சொல் எது? "இனிமேல் அல்லி தர்பார்தான்!" அவர் கோப்பை உரிய நேரத்தில் கேட்டால் அல்லி தர்பார். அதையே ஆண் அதிகாரி கேட்டால் கண்டிப்பு, நிர்வாகத் திறமை. வீட்டில் மனைவி ஒரு கருத்தை வலியுறுத்தினால் "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று நண்பர் கண்சிமிட்டுகிறார். திசையெல்லாம் வென்ற தடாதகைப் பிராட்டியாரின் பெருமை நமக்குக் கேலிச்சொல்லாகப் பயன்படுகிறது. பெண் ஆண்டால் ஆணுக்குச் சிறை என்றே கற்பனை செய்யப் பழகிவிட்டோம். இதுவே நோய். ஆடவன் அச்சிறையை விரும்பிக் கனவு காண்பது நோயன்று. பெண்ணின் அதிகாரத்தைச் சிறையாக அன்றி வேறொன்றாகக் கனவு காணத் தெரியாமற் போனதே நோய்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். இராசராசன் தான் அளித்த கொடைகளை அடுத்துத் தன் தமக்கையின் கொடைகளைச் சொல்லி, அதன் பின்னரே தன் தேவியரைக் குறிப்பிடுகிறான். அங்கே ஒருத்தியின் செல்வமும் சொல்லும் ஓங்கியிருந்தன. அதனால் எந்த ஆடவன் சிறைப்பட்டான்? கல்லில் எழுதியதை விட்டுவிட்டுக் கற்பனையில் எழுதியதைப் பிடித்துக்கொண்டோம்.

தில்லியின் உண்மைச் சிறைகள்

கனவுச் சிறையில் ஆடவன் அடைபடுகிறான். வரலாற்றுச் சிறையில் அடைபட்டவர் யார்? நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இந்நகரமே விடை கூறும்.

துருக்மான் வாயிலுக்கு அருகே நெருக்கமான சந்துகளுக்கு நடுவில் ஒரு கல்லறையை இரசியா சுல்தானாவின் கல்லறை என்று காட்டுவர். 1236 முதல் 1240 வரை தில்லி அரியணையில் அமர்ந்து ஆண்டவர் அவர். அவருடைய ஆற்றலைப் பொறாத பிரபுக்கள் கலகம் செய்தனர். அல்தூனியா என்பவன் அவரைப் பிடித்துப் பட்டிண்டாக் கோட்டையில் அடைத்தான். பின்னர் அவனையே மணந்து அரியணையை மீட்க முயன்று தோற்று, அந்த 1240-ஆம் ஆண்டிலேயே அவர் உயிர் நீத்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏமமாலினி நடிக்க 1983-இல் வந்த 'இரசியா சுல்தான்' திரைப்படம்கூட அவருடைய ஆட்சியைவிட அவருடைய காதலையே பெரிதாகக் காட்டிற்று.

செங்கோட்டையை ஒட்டிச் சலீம்கர் கோட்டை நிற்கிறது. ஔரங்கசீப்பின் மூத்த மகள் செபுன்னிசா பாரசீகத்தில் கவிபாட வல்லவர். மறைந்திருப்பவர் என்று பொருள்படும் 'மக்ஃபி' என்பது அவர் புனைபெயராக வழங்குகிறது. கலகம் செய்த தம்பி அக்பருடன் தொடர்பு கொண்டிருந்தார் என்று 1681-இல் தந்தையின் ஆணையால் அங்கே அடைக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இறக்கும் வரையில், வெளியே வரவில்லை. அவர் மடியில் திறவுகோல் இல்லை. அவருக்கு நிறுத்துவதற்கோர் பொத்தானும் இல்லை.

கோட்டைகளை விடுங்கள். நம் வீட்டிற்கு வருவோம். ஊரை விட்டு வந்து இந்நகரில் வாழும் நாம் நம் பெண்மக்களை எவ்வாறு வளர்க்கிறோம்? "காலம் கெட்டுக் கிடக்கிறது, ஊரும் புதிது, மொழியும் வேறு" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். இந்த அச்சம் பொய்யன்று. 2012 திசம்பரில் இந்நகரம் கண்ட கொடுமையை எந்தப் பெற்றோர் மறக்க முடியும்? ஆயினும் அச்சத்தின் விலையை யார் கட்டுகிறார்கள்? அண்ணன் இரவு பத்து மணிக்கு வந்தால் "சாப்பிட்டாயா?" என்கிறோம். தங்கை மாலை ஏழு மணிக்கு வந்தால் "எங்கே போயிருந்தாய்?" என்கிறோம். வெளியூர்ப் பணி ஆணை மகனுக்கு வந்தால் இனிப்பு வழங்குகிறோம். மகளுக்கு வந்தால் குடும்பமே கூடி ஆலோசிக்கிறோம்.

நம் இல்லத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் கூறுகிறோம். மகள் மாலை நேர வகுப்பொன்றில் சேர விரும்பினாள். திரும்பி வர இரவாகும் என்று நாம் மறுத்தோம். அவள் அழவில்லை. சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, மூலையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்த தமையனைச் சுட்டிச் சொன்னாள்: "அண்ணன் அந்தக் கோட்டைக்குள்ளே அடைபட்டிருக்கான். பசிச்சா நிறுத்திட்டு எழுந்து போறான். என் ஆட்டத்துல அந்தப் பொத்தான் எங்கே இருக்கு, அப்பா?"

நம்மிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை அன்று சொல்ல இயலாத விடையைத் தேடி எழுதப்படுவது என்றே கொள்ளலாம்.

மணிமேகலை திறந்த கதவு

விடை நம் மரபிலேயே இருக்கிறது. மரபைப் பழிக்கிறோம் என்று நம்மீது சினம் கொண்டோர் இவ்விடத்தை உற்று நோக்குக.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆற்றல் மிக்க பெண்ணின் பிடியில் அடைபட்ட ஒருவரின் கதை உண்டு. அடைபட்டவரும் பெண்ணே. மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவி அவன் சாவுக்குக் காரணம் மணிமேகலை என்று வன்மம் கொள்கிறாள். அரசன் இட்ட சிறையிலிருந்து அவளை மீட்பதுபோல் மீட்டுத் தன் மாளிகைக்குக் கொண்டு செல்கிறாள். அறிவு திரியும்படி மருந்தூட்டுகிறாள். ஓர் இளைஞனுக்குப் பொருள் தந்து அவளைக் கெடுக்க ஏவுகிறாள். இறுதியில் நோயுற்றாள் என்று பொய் கூறி உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள். இதில் எங்கேனும் சிறை இனிக்கிறதா? இல்லை. திறவுகோல் தன்னிடம் இல்லாதவரின் சிறையைச் சாத்தனார் உள்ளவாறே காட்டுகிறார்.

முடிவோ அல்லியின் முடிவுக்கு நேர்மாறானது. தான் கற்ற மந்திரத்தின் வலியால் மணிமேகலை வாடாதிருக்கிறாள். அரசி நடுங்கிப் பணிகிறாள். வென்றவள் தோற்றவளைக் கட்டவில்லை, கொல்லவில்லை, நகைக்கவும் இல்லை. மகனை இழந்த துயர்க்கு மருந்தாக அறம் உரைக்கிறாள். தன்னை வணங்கிய அரசியிடம், தாயும் கோமகளுமாகிய நீ இவ்வாறு வணங்குதல் தகாது என்று கூறித் தானும் வணங்குகிறாள். இரு பெண்களுமே தத்தம் சிறையிலிருந்து வெளியேறுகிறார்கள். இதே மணிமேகலை அதற்கு முன்னரே மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியவள் என்பதையும் நாம் அறிவோம். பெண்ணின் ஆற்றல் சிறையைக் கட்டும் என்று அல்லி கதை நம்மை அச்சுறுத்திற்று. அது சிறையைத் திறக்கும் என்று காப்பியம் காட்டிற்று. நாம் எதனை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம்?

இது பழங்கதை மட்டுமன்று. நம் நகரின் திகார் சிறையை எண்ணுக. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் அதன் காவலில் பணியாற்றியிருப்பதால் நம்மவர் பலருக்கு அது அறிமுகமான பெயரே. 1993-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற கிரண் பேடி அங்கே எழுத்தறிவு வகுப்புகளைப் பெருக்கினார். கைதிகளுக்கு விபாசனை தியானப் பயிற்சிக்கு வழி செய்தார். பிற்காலத்து அரசியலில் அவரோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் நம்முள் உளர். ஆயினும் ஆயிரக்கணக்கான ஆடவர் உண்மையாகவே ஒரு பெண்ணின் அதிகாரத்தின் கீழ் அடைபட்டிருந்தபோது அவர் செய்தது இது என்பதை யார் மறுக்க முடியும்?

கணிப்பொறி ஆட்டங்களிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. அமெரிக்க வால்வ் நிறுவனத்தின் 'போர்ட்டல்' 2007-இலும் அதன் இரண்டாம் பகுதி 2011-இலும் வெளிவந்தன. பெண் குரலில் பேசும் பொறியொன்று ஆடுபவரை அடைத்துச் சோதனை மேல் சோதனை வைக்கிறது. ஆடுவோர் ஏற்கும் வேடமும் ஒரு பெண்ணே. இரண்டாம் பகுதியின் இறுதியில் அந்தக் குரல் தானே கதவைத் திறந்து அவளைப் போகவிடுகிறது. பொறியும் அழிவதில்லை, பெண்ணும் அடங்குவதில்லை. சாத்தனாரை அறியாத அயலார் அவர் கண்ட முடிவுக்கு அருகில் வந்திருக்கிறார்கள். மேனாட்டுக் குப்பை என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் பெரியவர் இதனையும் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

நிறைவாக

எனவே, பேரன் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்குவதால் மரபு காக்கப்படாது. அவன் அருகில் அமர்ந்து இரண்டு வினாக்களைக் கேளுங்கள். "தம்பி, இந்தக் கோட்டையின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது? ஆட்டம் முடியும்போது இந்தப் பெண் என்ன ஆகிறாள்?" இவ்விரு வினாக்களை அல்லி கதைக்கும் கேளுங்கள். நேற்றைய திரைப்படத்திற்கும் நாளைய தொடர்கதைக்கும் கேளுங்கள். விடை நேராக வராத கதையை ஐயுறுங்கள். பெண்ணின் ஆற்றலை விரும்பும் உங்கள் நெஞ்சை ஐயுற வேண்டியதில்லை.

இம்மலரில் எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றலுள்ள பெண்ணைப் பகைவியாக்காமல், இறுதியில் பலியிடாமல், ஒரு முழு மனிதராக எழுதுங்கள். அலுவலகத்தில் "அல்லி தர்பார்" என்னும் சொல் நாவில் எழும்போது அதனை விழுங்கிவிடுங்கள். நாமும் விழுங்கப் பழகி வருகிறோம்.

மகளுக்கு என்ன விடை சொன்னோம் என்று கேட்பீர்கள். பொத்தானை நம்மால் செய்து தர இயலவில்லை. ஆனால் வாயிற்கதவின் திறவுகோல் ஒன்றைப் புதிதாக அறுத்து அவள் கையில் கொடுத்தோம். வகுப்பு முடிந்து அவள் திரும்பும் இரவுகளில் மெட்ரோ நிலையத்து வாயிலில் சென்று நிற்கிறோம். அச்சம் இன்னும் போகவில்லை. அதைச் சுமக்க வேண்டியவர் நாமே. அதற்காக அவள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.